சுனைவிளையில் போட்ட கடைசி ஓவர்

கிட்ட வந்து உட்காருங்க அண்ணாச்சி. அந்த ஓரத்தில் இருந்தீங்கன்னா, ஜன்னல் கண்ணாடி ஆடுகிற ஆட்டத்தில் நான் சொல்வதில் பாதி காதில் விழாது. பையை மடியில் வையுங்க. ம், அப்படித்தான். சாத்தான்குளம் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு. இந்த டிரைவர் வழியில் ஒரு ஆடு நின்றால்கூட வண்டியை நிறுத்தி, அதற்கு வழி சொல்லிவிட்டுத்தான் எடுப்பான்.

என் முழங்கையைத்தானே பார்க்கிறீங்க? ஏறும்போதே பார்த்தீங்க, கேட்கக் கூச்சம். நிமிராது. கீழே விழவில்லை, யாரும் அடிக்கவும் இல்லை. பந்து போட்டுப் போட்டு அப்படி ஆனது. டென்னிஸ் பந்து. லேசான பந்துதானே என்று நினைப்பீங்க. லேசான பந்துதான் கையைத் தின்னும். கனத்த பந்து தன் பாட்டுக்குப் போகும். லேசான பந்துக்கு எல்லாம் நாமே கொடுக்கணும்.

என் பேர் தவசிலிங்கம். இந்தச் செம்மண் காடு முழுக்க, எந்த ஊர் மைதானத்தில் போய்க் கேட்டாலும் ‘கடைசி ஓவர் தவசி’ என்று சொன்னால்தான் தெரியும். மற்ற பவுலர் எல்லாம் உச்சி வெயிலில் ஓடி ஓடிப் போடுவான். என்னை எல்லைக்கோட்டில் ஓடைமரம் என்கிற முள்மரத்தடியில் நிறுத்தி வைத்திருப்பார்கள், தீயணைப்பு வண்டியை நிறுத்தி வைத்த மாதிரி. கடைசி ஓவர் வரும். எட்டு வேணும், பத்து வேணும் என்று மைக்கில் கத்துவான். அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள். ஆறு பந்து. ஆறும் யார்க்கர்; ஸ்டம்ப் அடியில், கால் கட்டைவிரலில் விழும். அவ்வளவுதான் என் சோலி. ஆட்டம் முடிந்தால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

சட்டை என்றதும் நினைவு வருது. எனக்கென்று ஒரு சட்டை கிடையாது அண்ணாச்சி. எங்கள் ஊரில் இருக்கிறதே ஏழெட்டு வீடு. பதினொரு பேர் தேற மாட்டார்கள். கிழவனையும் கைக்குழந்தையையும் சேர்த்தாலும் தேறாது. அதனால் அப்போ எல்லா ஊருக்கும் நான் கெஸ்ட் பிளேயர். ஒரு டீமுக்கு வெளியூர் ஆள் ஒருத்தன் ஆடலாம் என்று எங்கள் பக்கம் விதி. அந்த ஒருத்தன் நான். அன்றைக்கு எவன் வரவில்லையோ அவன் சட்டையை எனக்குக் கொடுப்பார்கள். முதுகில் அவன் பேர் இருக்கும். ஒரு வாரம் நான் செல்வின், அடுத்த வாரம் பால்ராஜ். நான் ஸ்டம்பைப் பிடுங்குவேன், ‘செல்வின் சூப்பர்’ என்று பொடிசுகள் கத்தும்.

அதெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. நல்லா பார்த்துக்கிடுங்க, வருத்தமே இல்லை. என் வருத்தம் ஒரே ஒருத்தன் மேலே. ஐகோர்ட்துரை.

சிரிக்காதீங்க. எங்கள் பக்கம் அது சாமி பேர். ஐகோர்ட்துரை சுனைவிளை டீமுக்குக் கேப்டன், கீப்பரும் அவன்தான். குட்டையான ஆள், மீசை இவ்வளவு. கண் மட்டும் எப்பவும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டம்புக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்தான் என்றால் மைதானத்தில் எறும்பு ஊர்வதும் தெரியும் அவனுக்கு. பேர் சொன்னாலே எனக்கு இன்னும் பல் கூசுது. தண்ணி இருக்கா உங்கள்கிட்டே? வேண்டாம், வேண்டாம், சும்மா கேட்டேன்.

ஒரு தைப்பொங்கல் ஆட்டம். ஃபைனல். அன்றைக்கு நான் சுனைவிளைக்கு ஆடினேன். அடிக்கிறவனுக்குக் கடைசி ஓவரில் எட்டு வேணும். ஐகோர்ட்துரை கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டான். மரத்தடியில் இருந்து வந்தேன். செம்மண்ணை அள்ளிக் கையில் தேய்த்தேன். பந்து என் கையில். ஓடி வருகிற தூரத்தை அளந்து, காலால் கோடு கிழித்துவிட்டுத் திரும்புகிறேன், ஐகோர்ட்துரை ஸ்டம்புக்குப் பின்னால் இருந்து ஓடி வந்து எதிரே நிற்கிறான்.

“பந்தக் குடுவே” என்றான்.

“ஏன்?”

“குடுன்னா குடு. நீ மரத்தடிக்கே போ.”

பிடுங்கிவிட்டான் அண்ணாச்சி. அத்தனை சனம் பார்க்க, மைக்கில் என் பேரைச் சொன்ன பிறகு. பிடுங்கி யாரிடம் கொடுத்தான்? அவன் மச்சினன் எசக்கிராஜாவிடம். எசக்கிராஜாவுக்குப் பந்து நேராகப் போனால் அது அவன் குலசாமி புண்ணியம். முதல் பந்து சிக்ஸர். ரெண்டாவது பந்து சிக்ஸர். முடிந்தது சோலி.

தோற்றது பெரிசில்லை. எத்தனையோ தோற்றிருக்கேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் ஊரே கூடி ஐகோர்ட்துரையைப் பிடித்துக்கொண்டது. ‘தவசிகிட்டே இருந்த பந்தை ஏம்லே பிடுங்கினே?’ என்று. அப்போது சொன்னான் ஒரு சொல்.

“தவசி வெல போயிட்டான். காலைல எதிர் டீமுக்காரனுவகூட உக்காந்து ஆம்லெட் தின்னத நானே பாத்தேன். அதான் பிடுங்குனேன்.”

தின்றேன், இல்லையென்று சொல்லவில்லை. எல்லா டீமும் எனக்குப் பழக்கம். போன வாரம் அவர்களோடு ஆடியிருப்பேன், அடுத்த வாரம் ஆடப்போறேன். கூப்பிட்டார்கள், தின்றேன். அதுவும் ஒற்றை ஆம்லெட். இன்றுவரை ஒருத்தனுக்கு வேண்டி ஒரு பந்து தப்பாகப் போட்டது கிடையாது நான். என் நேர்மை அப்படி. அம்மன் மேலே ஆணையாகச் சொல்றேன்.

அந்தச் சொல் என்ன செய்தது தெரியுமா? அந்த வருஷம் முழுக்க ஒரு டீமும் என்னைக் கூப்பிடவில்லை. நான் அப்போ உப்பளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது பைக்கில் வந்து கூட்டிப் போவார்கள். வழக்கம்போல் காலையிலேயே குளித்து, வெள்ளைப் பேன்ட் போட்டு, ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். பைக் வரும், போகும். எல்லாம் தெரிந்த பையன்கள். என்னைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுவான். மத்தியானம் என் வீட்டுக்காரி செல்வக்கனி வந்து நிற்பாள்.

“பேன்ட்டக் கழத்திட்டு வாங்க, சாப்பிடலாம். யாரும் வரமாட்டாவ” என்பாள்.

ஒரு வாரமா ரெண்டு வாரமா? கடைசியில் அவள் கூப்பிடக்கூட வராமல் தட்டை மூடி வைத்துவிடுவாள். அப்படி ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் முடிவு பண்ணினேன். இவனை விடக்கூடாது. அடிப்பதெல்லாம் சின்ன வேலை, அடி ரெண்டு நாளில் ஆறிப் போகும். இவனை இவன் ஊரில் வைத்து, இவன் சனத்துக்கு முன்னால், இவன் பொண்டாட்டி பார்க்கத் தலைகுனிய வைக்கணும். எனக்குச் செய்ததை இவனுக்கும் செய்யணும்.

இப்போ எங்கே போறேன் என்று கேட்டீங்களே, சுனைவிளைக்குத்தான். அம்மன் கொடை. கோயில் திருவிழாவை எங்கள் பக்கம் கொடை என்போம். ஆமாம், அதே ஊர்தான். வருஷா வருஷம் போவேன். போகாமல் இருந்தால் பயந்துட்டான் தவசி என்று அவன் நினைப்பான். அவனை அப்படி நினைக்க விடுவேனா?

சரி, கதைக்கு வாறேன். அடுத்த வருஷம் கொடைக்கு முந்தின வாரம். நான் உப்பளத்தில் மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கேன், வெயிலில் கண் கூசுது, யாரோ வருகிற மாதிரி இருக்கு. பார்த்தால் ஐகோர்ட்துரை. அவனாகவே வந்திருக்கான்.

“என்ன தவசி, சொகமா?”

“இருக்கேன்.”

“கொடை ஆட்டத்துல ஃபைனலுக்கு வந்துட்டோம். ஞாயித்துக்கெழம. குறிஞ்சான்விளை கூட. கடைசி ஓவருக்கு ஆளில்ல. மச்சினன் மஸ்கட்டு போயிட்டான்.”

“நான் வெல போன ஆளுல்லா?”

அவன் செருப்பைக் கழற்றி, ஒட்டியிருந்த உப்பைத் தட்டினான். மறுபடி மாட்டினான்.

“வாறியா, மாட்டியா?”

 எலி தானாகவே வந்து பொறிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்து என்று சொல்லுது. அவன் ஊர் மைதானம். அவன் அம்மன் கொடை. அவன் சனம். பந்து என் கையில். நான் யார்க்கர் போடாமல் இடுப்புயரத்துக்கு ஆறு பந்து தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? குழந்தைகூட அடிக்கும்.

“வாறேன்” என்றேன். சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. செல்வக்கனி கேட்டாள், “என்ன, தனியா இளிக்கிய?”

“பழி வாங்கப் போறேன்ட்டீ.”

“பழி வாங்கப் போறவுக வெள்ளப் பேன்ட்ட எதுக்கு இஸ்திரி போடுதிய?”

பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஐகோர்ட்துரை பைக்கில் வந்துவிட்டான். அவன் வீட்டில்தான் காலைச் சாப்பாடு. இட்டிலியும் சாம்பாரும் அவன் வீட்டுக்காரி அள்ளி அள்ளி வைக்கிறாள். நான் சந்தேகம் வரக் கூடாதே என்று நல்லபடியாகப் பேசினேன். சாம்பார் நல்லாருக்கு என்றேன், சிரித்தேன். மழை பெய்யும் போலிருக்கு என்றேன், அதற்கும் சிரித்தேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டேன்.

அவன் வீட்டுக்காரி, “அண்ணாச்சி இன்னைக்கு ரொம்பச் சிரிக்காவளே” என்றாள்.

“நானும் பாத்தேன்” என்றான் ஐகோர்ட்துரை. அவ்வளவுதான் பேச்சு. இன்னொரு இட்டிலி வைக்கச் சொன்னான்.

பிறகு சட்டை கொடுத்தார்கள். முதுகில் யார் பேர் என்கிறீங்க? எசக்கிராஜா! மஸ்கட்டு போனவன் சட்டை. என் பந்தை வாங்கித் தோற்றவன் பேரை என் முதுகில் மாட்டிவிட்டான்.  நல்லதாப் போச்சு, இன்றைக்குத் தோற்கப் போகிறவனும் எசக்கிராஜாதான் என்று மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கும் முன்னாடி தண்ணித் தொட்டி பக்கம் போனேன். அங்கே குறிஞ்சான்விளை கேப்டன் முத்துமாலை முகம் கழுவிக்கொண்டிருந்தான். நல்ல பையன். அவன் ஊருக்கும் நான் ஆடியிருக்கேன். காதுகிட்டே போய்ச் சொன்னேன்.

“ஏலே, கடைசி ஓவர் நாந்தான் போடுவேன். பயப்படாம வீசி அடிங்க. காலடில ஒண்ணும் விழாது. எல்லாம் இடுப்புக்குத்தான் வரும்.”

அவன் முகத்தைத் துடைக்காமலே என்னைப் பார்த்தான். “நெசமாவா அண்ணாச்சி? எதுக்கு?”

“அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ அடி.”

அஞ்சு பைசா வாங்கவில்லை. ஒரு டீகூடக் குடிக்கவில்லை. விலை போகிறவன் வேறே, பழி வாங்குகிறவன் வேறே. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும். திரும்பும்போது ஐகோர்ட்துரை தொட்டிக்கு அந்தப் பக்கம் ஷூவுக்கு வார் கட்டிக்கொண்டிருந்தான். தூரம்தான், கேட்டிருக்காது.

ஆட்டத்தை விவரமாகச் சொல்ல வேண்டாம். சுனைவிளை முதலில் அடித்தது. பிறகு குறிஞ்சான்விளை. நான் ஓடைமரத்தடியில். மைக்கில் ஒருத்தன் அம்மன் பாட்டுக்கும் ஸ்கோருக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தான். சனம் சுற்றிலும் மதில் மாதிரி நிற்குது. கடைசி ஓவர் வந்தது. பத்து வேணும். மூன்று விக்கெட் பாக்கி. ஐகோர்ட்துரை கையைத் தூக்கினான்.

போனேன். பந்தைக் கையில் வைத்தான். இந்தத் தடவை பிடுங்கவில்லை. பிறகு அவன் செய்த காரியத்தைக் கேளுங்க. பக்கத்தில் நின்ற ஃபீல்டர் அத்தனை பேரையும் கையைக் காட்டிப் பின்னால் அனுப்பினான். போ, போ, இன்னும் போ. எல்லாரும் எல்லைக்கோட்டில். அவர்களிலேயே நெட்டையான ஒரு பையனை லெக் சைடு மூலையில், பனைக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

எனக்குச் சிரிப்பு. எவனாவது யார்க்கர் போடுகிறவனுக்கு எல்லையில் ஆள் நிறுத்துவானா? காலடியில் விழுகிற பந்தை எவன் தூக்கி அடிப்பான்? மடப்பயல், ஆட்டமே மறந்துபோச்சு இவனுக்கு என்று நினைத்தேன். அதோடு நின்றானா? எப்பவும் பத்தடி தள்ளி உட்காருகிற கீப்பர், ஸ்டம்புக்கு ஒட்டி வந்து குத்த வைத்தான். அதுவும் நேராக இல்லை, லெக் சைடு பக்கம் சாய்ந்து. கால் வலி போலிருக்கு.

முதல் பந்து. இடுப்புக்குத் தூக்கிக் கொடுத்தேன், தொட்டில் குழந்தையைக் கொடுக்கிற மாதிரி. எதிரே ஒரு தடியன். வீசினான் பாருங்க! பந்து மேலே, மேலே, பனைக்கு மேலே. நான் மனசுக்குள் சிக்ஸர் என்று கையைத் தூக்கிவிட்டேன். பந்து இறங்கி வந்து நெட்டையன் கையில் உட்கார்ந்தது. அவன் ஒரு அடிகூட நகரவில்லை. காற்று, அண்ணாச்சி. எதிர்க்காற்று. பந்து மேலே இருக்கும்போதே அடித்தவனும் மறுமுனையில் நின்ற முத்துமாலையும் ஓடி மாறிவிட்டார்கள். அவுட் ஆனவன் போனான், முத்துமாலை எனக்கு எதிரே வந்து நின்றான்.

ரெண்டாவது பந்து அதே மாதிரி. முத்துமாலை அடித்தான், நேர் தலைக்கு மேலே சிக்ஸர். நாலு வேணும், நாலே நாலு! முத்துமாலை எனக்குக் கண்ணைக் காட்டினான். நானும் காட்டினேன். சுனைவிளை சனத்தில் ஒரு கிழவி அம்மனைத் திட்டுகிறாள். ஐகோர்ட்துரையைப் பார்த்தேன். தலையைக் கவிழ்ப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் நெட்டையனைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, எனக்கு நேர் பின்னால் எல்லைக்கு ஓட விட்டான்.

மூன்றாவது பந்தை இன்னும் மெதுவாகப் போட்டேன். முத்துமாலைக்கு வாயெல்லாம் பல். அதே இடத்துக்கு அடித்தான். அதே இடத்தில் நெட்டையன். பிடித்தான். முத்துமாலை மட்டையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான் பாருங்க ஒரு பார்வை, நான் அவன் வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி. நான் என்ன செய்ய? பந்தைத் தூக்கித்தான் கொடுக்க முடியும், காற்றையும் நானா பிடித்து வைக்க?

கடைசி விக்கெட். ஒரு சின்னப் பயல் வந்தான், மட்டை அவன் நெஞ்சு உயரம் இருக்கு. இவனுக்கு இடுப்புக்குப் போட்டாலும் அடிக்க மாட்டான். அதனால் ஒரு யோசனை செய்தேன். அங்கேதான் என் மூளை. லெக் சைடில் வெகு தூரமாக ஒரு வைடு எறிந்தால், கீப்பருக்கும் எட்டாது, எல்லை தாண்டி ஓடும், நாலும் வந்துவிடும். ஆட்டம் முடியும். எவன் கையிலும் கேட்ச் போகாது.

எறிந்தேன். சின்னப் பயல், எல்லாரும் வீசினார்களே என்று தானும் ஒரு எட்டு முன்னால் வைத்து வீசினான். மட்டை காற்றைத்தான் தொட்டது. பந்து போகிற இடத்தில் ஐகோர்ட்துரை ஏற்கெனவே இருக்கான்! எட்டிப் பிடிக்கவில்லை. போய் நின்றுகொண்டு வாங்கினான், கடையில் சாமான் வாங்குகிற மாதிரி. வாங்கி ஸ்டம்பில் தட்டினான். பயலின் கால் கோட்டுக்கு வெளியே.

முடிந்தது. சுனைவிளை ஜெயித்தது.

சொல்லுங்க அண்ணாச்சி, இதை என்ன என்கிறது? எவ்வளவு யோசித்து, எவ்வளவு ரகசியமாகச் செய்த காரியம்! விதி. அம்மனும் அவன் ஊர் அம்மன். நான் செய்ய நினைத்தது அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டானா? அப்படிப்பட்ட ஆளா அவன்?

சனம் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கியது. மேலே இருந்துகொண்டு நான் பல்லைக் கடிக்கிறேன். ‘எசக்கிராஜா வாழ்க’ என்று ஒரு பொடிசு கத்துது. ஐகோர்ட்துரை அந்தப் பொடிசின் தலையில் ஒரு தட்டு தட்டி, “லே, அது தவசி” என்றான். அதோடு சரி. என் பேரில் போட்ட பழிக்கு ஒரு சொல் மன்னிப்பு? கேட்கவில்லையே!

மைதானத்தில் இருந்து கோயிலுக்கு நடக்கும்போதே அடுத்த திட்டம் போட்டுவிட்டேன். சரி, கூட இருந்து கவிழ்க்க முடியவில்லை. அடுத்த வருஷம் எதிரே நின்று கவிழ்க்கிறேன். வேறு எந்த ஊராவது கூப்பிடும். இப்போ நான் கொடை ஃபைனல் ஜெயித்துக் கொடுத்தவன். அந்த ஊர்ச் சட்டையில் வந்து, ஐகோர்ட்துரை மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஆறு யார்க்கர். ஆறும் நெசமான யார்க்கர். அவன் ஸ்டம்பு மூன்றும் மூன்று திசைக்குப் பறக்கணும். நினைக்கும்போதே வயிறு நிறைந்தது. நிஜ வயிறுதான் காலி. சாப்பாட்டு வாசனை வருது. கொடைச் சாப்பாட்டில் வெளியூர்க்காரனுக்குத்தான் முதல் பந்தி. இலை போட்டிருந்தார்கள். நான் போய் ஒரு இலைக்கு முன்னால் உட்காரக் காலை மடக்கினேன்.

அப்போ மைக்கில் ஐகோர்ட்துரை குரல்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லணும். எங்கள் பக்கம் அம்மன் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி போடுவார்கள். வரி கொடுக்கிறவன் அந்த ஊர்க்காரன். பிறந்தது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கொடை முடிந்ததும் வரிக்காரன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மனுக்கு உடைத்த தேங்காயில் ஒரு முறியும் பழமும் திருநீறும் இலையில் வைத்துக் கொடுப்பார்கள். அதைக் கை நீட்டி வாங்கினால் தீர்ந்தது. பிறகு மாற்ற முடியாது, அம்மன் கணக்கு அது. வரிக்காரன் எவனும் இன்னொரு ஊருக்கு ஆடவும் கூடாது. எல்லா ஊர்க் கமிட்டியும் ஒத்துக்கொண்ட சட்டம்.

“இந்த வருசம் புது வரிக்காரர் ஒருத்தரு” என்று மைக்கில் சொல்றான் ஐகோர்ட்துரை. “தவசிலிங்கம். வரி நான் கெட்டியாச்சு. வந்து வாங்கிக்கிடட்டும்.”

பொம்பளைகள் குலவை போட்டார்கள். நான் எழுந்து நின்றேன். நிற்கிறதற்குள் அவனே இலையோடு வந்துவிட்டான். தேங்காய் முறி, பழம், திருநீறு. சனம் வட்டமாக நிற்குது. அம்மன் பிரசாதத்தை ஒருத்தன் நீட்டினால் எந்தக் கை அண்ணாச்சி சும்மா இருக்கும்? உங்கள் கை சும்மா இருக்குமா? தன்னாலே நீண்டுவிட்டது. இந்த வளைந்த கைதான். நீண்டு, வாங்கி, கண்ணில் ஒற்றியும் விட்டேன். ஒற்றின பிறகுதான் மண்டையில் உறைத்தது. இனி எந்த ஊர்ச் சட்டையையும் போட முடியாது. அவனுக்கு எதிரே நின்று ஒரு பந்துகூடப் போட முடியாது, சாகிற வரைக்கும். என் பழியை அப்படியே தேங்காய் முறிக்குள் வைத்து மூடிக் கொடுத்துவிட்டான், எத்தன். ஏழெட்டு வீட்டு ஊர்க்காரனைப் பிடித்து, முந்நூறு வீட்டு ஊரில் கட்டிப் போட்டுவிட்டான். கேட்டால் என்னமோ நல்லது செய்தவன் மாதிரி நிற்கிறான். செல்வக்கனிக்கு அன்றைக்கு என்ன சந்தோஷம் என்கிறீங்க, அதுவும் சேர்ந்து எனக்கு எரிச்சல்.

நிற்கட்டும், இன்னும் ஒன்று இருக்கு.

தேங்காயை வைத்துவிட்டு மறுபடி இலைக்கு முன்னால் உட்காரப் போனேன். தோளைப் பிடித்து எழுப்பினான்.

“தவசி, வரிக்காரன் மொதப் பந்தியில உக்காரக் கூடாது. பரிமாறிட்டுத்தான் உக்காரணும்” என்று குழம்பு வாளியை என் கையில் கொடுத்தான்.

“எந்த வரிசைக்கு?”

நாடியைத் தூக்கிக் காட்டினான். பார்த்தால் குறிஞ்சான்விளைக்காரன்கள். முத்துமாலையும், தடியனும், அந்தச் சின்னப் பயலும், எல்லாரும் வரிசையாக. சோறு விழுந்திருக்கு, ஒருத்தனும் தொடவில்லை. கண் எல்லாம் என் மேலே. எனக்குக் கால் வரவில்லை. போகாமலும் இருக்க முடியாது, ஊர் பார்க்குது. போனேன். தடியன் இலையில் ஊற்றினேன், அவன் உர்ரென்றான். முத்துமாலைகிட்டே வந்தேன். இலை மேலே கையை விரித்து மறித்தான்.

“போதும்வே. நீரு ஏற்கெனவே ஊத்துனது போதும்.”

“தம்பி, காத்துலே—”

“காத்தாவே? அந்த நெட்டக் காத்துக்கு ரெண்டு கை இருந்துச்சே, பாத்தேரா?”

வரிசை முழுக்கக் கனைத்தது. வாளியில் இருந்ததை அள்ளி அள்ளி ஊற்றிக் காலி பண்ணிவிட்டுத் தப்பிக்கலாம் என்று வேக வேகமாக ஊற்றினேன். வாளி காலி. திரும்பினேன். ஐகோர்ட்துரை எனக்குப் பின்னாலேயே நிற்கிறான், இன்னொரு வாளி நிறையக் குழம்போடு. காலி வாளியை வாங்கிக் கீழே வைத்தான். நிறைந்த வாளியை என் கையில் மாட்டினான். என்னை முதுகில் பிடித்து, திரும்ப முத்துமாலை இலைக்கு நேராக நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பந்தி எழுந்திருக்கிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தான்.